தனியாக ஓடிய முப்பத்துமூன்று நாள்

நாலு இருபதுக்கு அலாரம் அடித்தது. அஸ்னாகெ எழுந்தான். இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தான். முற்றத்து மூலையில் ஐந்து வீட்டுக்கும் பொதுவாக இருந்த கழிப்பறைக்குப் போய் வந்தான். முகம் கழுவினான். நாற்காலியில் மடித்து வைத்திருந்ததை வரிசையாக எடுத்துப் போட்டான்: இறுக்கமான கால்சட்டை, அதன்மேல் தொளதொளப்பான ஒன்று, இரண்டு பனியன், மேல்கோட்டு. வறுத்த பார்லி மாவில் தண்ணீரும் தேனும் விட்டுக் குலுக்கிப் பாட்டிலை மூடினான். வாசலில் இரண்டு ஜோடி ஷூ இருந்தன. பெரிய ஜோடியை மாட்டிக்கொண்டான். கதவைப் பூட்டினான். தெருவில் இறங்கியதும் ஒரு கல்லைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டான். கழுதைப்புலிகள் இன்னும் மலைக்குத் திரும்பியிராத நேரம். பெட்ரோல் பங்குக்குப் பதினோரு நிமிட நடை. அங்கே கல்லைச் சுவரோரம் போட்டுவிட்டு நின்றான்.

ஐந்து பத்துக்கு ஓட்டப்பந்தயக் கிளப்பின் மினிபஸ் வந்தது. ஏறினவன் நேராகக் கடைசி இருக்கைக்குப் போனான்.

"வந்துட்டாருய்யா நம்ம கண்டக்டர்," என்றான் தாகெலெ. "கடைசி சீட்டுல உக்காந்து எல்லார் பிடரியையும் எண்ணுவாரு. டிக்கெட் மட்டும் குடுக்க மாட்டாரு."

இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் போர்வையை முகத்தின்மேல் இழுத்துவிட்டுத் தூங்கினார்கள். அஸ்னாகெ தாகெலெயின் பிடரியைப் பார்த்தான்.

அவன் மனைவி அய்னலெம் செத்து ஒன்பது வாரம் ஆகியிருந்தது. நோன்பு முடியும் பாஸ்கா பண்டிகைக்கு ஐந்து நாள் முன்பு, விடியும் முன், சென்தாஃபா போகும் தார் சாலையில் ஒரு லாரி அடித்துப் போட்டது. லாரிக்காரன் ஓடவில்லை. அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். அதில் ஒளிவு மறைவு ஒன்றுமில்லை. அன்றோடு முடிந்த முப்பத்துமூன்று நாள்தான் அஸ்னாகெயின் தொண்டையில் முள்ளாக நின்றது.

அந்த முப்பத்துமூன்று நாளும் அவள் தனியாக ஓடினாள்.

ஓட்டக்காரர்கள் குடியிருக்கும் கொதெபெயில் யாரும் தனியாக ஓடுவதில்லை. காட்டில் ஓடினாலும் சாலையில் ஓடினாலும் வரிசைதான். முன்னால் போகிறவன் காலைப் பார்த்துக் காலை வைக்க வேண்டும். முன்னால் போகிறவன் எதிர்க்காற்றைத் தாங்கிக்கொள்வான். ஒரு கிலோமீட்டர் ஆனதும் அடுத்தவன் முன்னுக்கு வருவான். வரிசையை விட்டுத் தனியாகப் போகிறவன் ஒன்று காயத்தை மறைக்கிறான், இல்லை மருந்தை மறைக்கிறான், இல்லை ஆளை மறைக்கிறான். இது அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. அய்னலெமுக்குக் காயம் இல்லை. அவள் மருந்து தொடுகிறவளும் இல்லை, தலைவலி மாத்திரைக்கே சிலுவை போட்டுக்கொள்வாள். மிச்சம் இருந்தது ஒன்றுதான்.

அவள் உயிரோடு இருந்தபோதே அஸ்னாகெ அவளைக் காட்டுக்குள் மூன்று நாள் பின்தொடர்ந்திருந்தான். எண்பது அடி இடைவெளி விட்டு, யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவில், மரத்துக்கு மரம் ஒதுங்கி ஓடினான். அவள் யாரையும் சந்திக்கவில்லை. தனியாக ஓடினாள், தனியாகத் திரும்பினாள். மூன்று நாளில் பிடிபடாதது நாலாவது நாளில் பிடிபடும் என்று நினைத்திருந்தான். அதற்குள் அவள் போய்விட்டாள்.

இப்போது அவனுக்கு ஒரு பெயர் வேண்டும். யாராவது ஒருவன் இருந்தே ஆக வேண்டும். இருந்தால், பின்னால் போனதற்கு ஒரு நியாயம் இருக்கும். இல்லாவிட்டால் என்ன என்பதை அவன் யோசித்துப் பார்க்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படித்தவன். "என் நேரமெல்லாம் சரிபாக்கணும்" என்று கோச் தெமிஸ்ஸெயின் நோட்டை ஒரு நாள் இரவல் வாங்கி, வருகைப் பட்டியலைப் படியெடுத்துக்கொண்டான். வாரத்தில் மூன்று நாள்தான் மினிபஸ். முப்பத்துமூன்று நாளில் பதினாலு தடவை போயிருந்தது. பதினாலில் யார் யார் எத்தனை நாள் வரவில்லை என்று கட்டம் போட்டான். எல்லாரும் ஒன்று, இரண்டு. தாகெலெ மட்டும் ஆறு.

தாகெலெதான் பெண்கள் வரிசைக்கு முன்னோடியாகப் போகிறவன். இரண்டு வருடம் அய்னலெம் அவன் காலைப் பார்த்துத்தான் ஓடினாள். இரண்டு வருடம் ஒருவன் காலையே பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு அவன் முகம் ஞாபகம் வராமலா இருக்கும்?

சென்தாஃபாவில் இறங்கியபோது வெளிச்சம் வந்திருந்தது. வயல்களில் பனி. கோச் தெமிஸ்ஸெ காதுவரை குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு எல்லாரையும் சாலையோரம் நிறுத்தினார்.

"இருபது கிலோமீட்டர். ஒவ்வொண்ணும் மூணு நிமிஷம் இருபத்தஞ்சு. நான் சொன்னது இருபத்தஞ்சு. எவனாவது வீரம் காட்டுனான், ஞாயித்துக்கிழமை ஓட்டத்துல அவன் பேரு இருக்காது. புரியுதா?"

ஞாயிற்றுக்கிழமை தேர்வோட்டம். முப்பத்தைந்து கிலோமீட்டர். முதல் மூன்று பேர் இலையுதிர் காலத்தில் வெளிநாட்டுப் பந்தயத்துக்குப் போவார்கள். அஸ்னாகெ இரண்டு வருடமாக அதற்காகத்தான் காலை நாலு இருபதுக்கு எழுந்தான். இப்போதும் எழுகிறான். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பெண்கள் அன்று ஓய்வு. தாகெலெ ஆண்கள் வரிசையில் ஓடினான். அஸ்னாகெ அவனுக்கு நேர் பின்னால் இடம் பிடித்தான். வலது முட்டியில் ஒரு பழுப்புப் பட்டை. இடது குதிகால் கொஞ்சம் வெளியே போய் விழுகிறது. பதினொரு பேரின் காலும் ஒரே தாளத்தில் தாரில் பட்டன. ஒரு கழுதை வண்டி ஒதுங்கி வழிவிட்டது.

பதினாலாவது கிலோமீட்டரில் முன்னால் போகும் முறை அஸ்னாகெக்கு வந்தது. போனான். மூன்று நிமிடம் ஐந்து வினாடிக்கு இழுத்தான்.

"டேய்! டேய் அஸ்னாகெ!" பின்னாலிருந்து சத்தம். "வாலுல தீ வெச்சுட்டாங்களா உனக்கு?"

"விடுங்கடா, கழுதைப்புலி துரத்துதாம்!"

வேகம் என்பது வரிசையின் பொதுச் சொத்து. அதை ஒருவன் எடுத்துக்கொண்டு ஓடுவது, பந்திக்கு வைத்த சோற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவது மாதிரி. அஸ்னாகெக்கு அது தெரியும். ரோஷக்காரன் ஒருவன் மட்டும் விடாமல் கூட வருவான் என்பதும் தெரியும். பதினேழாவது கிலோமீட்டரில் திரும்பிப் பார்த்தபோது தாகெலெ மட்டும் இருந்தான். மற்றவர்கள் முந்நூறு மீட்டர் பின்னால் இருந்தார்கள்.

அஸ்னாகெ நின்றான். தாகெலெ அவன்மேல் மோதாமல் விலகி, குனிந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டான்.

"பைத்தியமாடா நீ?"

"அய்னலெம் தனியா ஓடுன நாள்ல நீ எங்க இருந்த?"

"என்னது?"

"ஆறு நாள் நீ பஸ்சுக்கு வரல. தேதி சொல்லட்டுமா?"

தாகெலெ முதலில் சிரித்தான். பிறகு அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான்.

"ஒரு மாசமா என் காலையே பாத்துட்டு ஓடுற. ஷூ வாங்கித் தரப்போறியோன்னு நினைச்சேன். இதுக்கா?"

"பதில் சொல்லு."

"முட்டி வலிடா. கோச்சுக்குத் தெரிஞ்சா பேர அடிச்சுடுவாரு. என்தோத்தோ மலைக்குப் போனேன், கோயில்ல புனித நீருல குளிக்க. ஆறு நாள்." பழுப்புப் பட்டையைத் தட்டிக் காட்டினான். "உன் பொண்டாட்டிய கூட்டிட்டு ஓடுனேன்னு நினைச்சியா? என் முட்டியவே என்னால கூட்டிட்டுப் போக முடியல, மாப்ளே."

அஸ்னாகெ அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பொய் சொல்கிறவனும் இப்படித்தான் சிரிப்பான்.

"அங்க அவளப் பாத்தேன்," என்றான் தாகெலெ, குரலைத் தாழ்த்தி. "ரெண்டு வாட்டி. மலையில தங்கியிருக்குற ஸினாஷோட தண்ணி வாங்க நின்னுட்டிருந்தா."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லாதன்னா. உன்கிட்ட குறிப்பா சொல்லாதன்னா. மாதா மேல சத்தியம் வாங்கிட்டா. செத்தவளுக்குக் குடுத்த சத்தியத்த இப்ப உடைச்சுட்டேன், சந்தோஷமா?"

வரிசை அவர்களைக் கடந்து போனது. ஒருவன் துப்பினான். பின்னால் மினிபஸ் வந்து நின்றது. கோச் கதவைத் திறக்காமலே ஜன்னல் வழியாகக் கத்தினார்.

"ஏறுங்கடா ரெண்டு பேரும். ஓடுனது போதும். உன் காலு உன்னோடதுன்னு நினைச்சியா அஸ்னாகெ? அது வரிசையோடதுடா. இன்னொரு தடவ இப்படிப் பண்ணு, துக்க வீட்டுக்காரன்னு கூடப் பாக்க மாட்டேன்."

அஸ்னாகெ கோச்சுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தான். வண்டி வரிசையின் பின்னால் மெல்ல ஊர்ந்தது.

"கோச், அய்னலெம் ஏன் பஸ்சுக்கு வரல? உங்ககிட்ட என்ன சொன்னா?"

கோச் நோட்டைப் புரட்டி ஒரு பக்கத்தை அவன் மடியில் வைத்தார். பென்சிலில் எழுதிய எண்கள்.

"இதப் பாரு. பெரிய நோன்பு தொடங்குன வாரத்துலேர்ந்து அவ வேகம் இறங்குது. ஒவ்வொரு வாரமும். முட்டை கிட்டை தொடாம நோன்பு இருக்கியான்னு மூணு தடவ கேட்டேன். குடும்பப் பாதிரியார் விலக்கு குடுத்துட்டாரு கோச், தினமும் ரெண்டு முட்டை திங்கிறேன்னா. அப்புறம் ஒரு நாள், கொஞ்ச நாள் தனியா ஓடிக்கிறேன்னா. சரின்னுட்டேன். பெண்டாட்டி புருசன் சண்டைன்னு நினைச்சேன். உன்கிட்ட எப்படிக் கேக்குறது?"

முட்டை விஷயம் உண்மைதான். தினமும் காலை அவள் நாலு முட்டை அவிப்பாள். இரண்டை அவன் தட்டில் வைப்பாள். இரண்டைத் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொள்வாள், ஓடி முடித்துச் சாப்பிடுவேன் என்று. அவள் அதை உரித்து வாயில் போட்டதை அவன் பார்த்ததில்லை. யாருக்குக் கொண்டுபோனாள்?

மறுநாள் வெள்ளிக்கிழமை என்தோத்தோவுக்கு ஏறினான்.

ஸினாஷ் அய்னலெமைவிட ஐந்து வயது மூத்தவள். ஒரு காலத்தில் பெரிய பந்தயங்கள் ஓடினவள். குதிகால் நரம்பு அறுந்து ஒரு வருடமாகக் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்து, காலையில் புனித நீரில் காலை நனைப்பதும் பகலில் கோயிலுக்கு வருகிறவர்களுக்குத் தேநீர் விற்பதுமாக இருந்தாள். அஸ்னாகெயைப் பார்த்ததும் அவள் எழுந்து முக்காட்டைச் சரிசெய்தாள்.

"நாப்பதாம் நாள் பூசை முடிஞ்சதும் வருவேன்னு நினைச்சேன் தம்பி. ஒம்பது வாரம் ஆக்கிட்ட."

"அக்கா, யாரு அவன்?"

"எவன்?"

"அவ யாரப் பாக்க இங்க வந்தா? முட்டை யாருக்குக் கொண்டுவந்தா?"

ஸினாஷ் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"முட்டையா? எனக்கு. கால் சரியாகணும்னு எனக்கு நோன்பு விலக்கு, நான்தான் தின்னேன். பகல்ல தண்ணி வாங்க வர்றப்பத் தினமும் ரெண்டு, முப்பது நாளுக்கு மேல. உரிச்சுக்கூடக் குடுத்தா. விலக்கு வாங்கலடா அவ. பாதிரியார்கிட்ட கேக்கவே இல்ல. சாகுற வரைக்கும் ஒரு நாள் விடாம நோன்பு இருந்தா, வெறும் பருப்பும் கீரையும் தின்னு நாளைக்கு இருபது கிலோமீட்டர் ஓடுனா. நீயும் கோச்சும் திட்டுவீங்கன்னு முட்டைய எங்கிட்ட குடுத்தா. இப்ப யாரப் போயி அடிக்கப் போற? என்னைய அடி."

"அப்புறம் எதுக்குத் தனியா ஓடுனா?"

"ஜான் மேடா மைதானத்து ஓட்டம் ஞாபகம் இருக்கா?"

இருந்தது. நோன்பின் இரண்டாவது வாரம். புல்தரையில் உறைபனி. அவனுடைய கையுறை சேற்றில் விழுந்துவிட்டது. அவள் பையிலிருந்து அவளுடையதை எடுத்து மாட்டிக்கொண்டான். கேட்கவில்லை, அவள் கழிப்பறை வரிசையில் நின்றிருந்தாள். ஆண்கள் ஓட்டம் முதலில். ஏழாவதாக வந்தான். வாழ்நாளில் அவ்வளவு முன்னால் வந்ததில்லை. பெண்கள் ஓட்டத்தில் அவள் வெறுங்கையோடு ஓடி மூன்றாவது சுற்றில் விலகி, புல்லில் உட்கார்ந்துவிட்டாள். அவன் ஓடிப்போய்த் தூக்கினான். அவள் அவன் கையைப் பார்த்தாள்.

"பந்தயத்துக்கு அடுத்தவ உடுப்பப் போட்டா அவ பலம் போட்டவனுக்குப் போயிடும்னு உனக்குத் தெரியாதா?" என்றாள் ஸினாஷ். "அம்மா பிள்ளைகூடப் போட மாட்டாங்க."

"அக்கா, ஒரு கையுறை ஓடாது. நான் படிச்சவன்."

"அதையேதான் அன்னிக்கும் சொன்னியாம். நான் படிச்சவன்னு. அவ படிக்காதவ. அன்னையிலேர்ந்து உனக்கு வேகம் ஏறுது, அவளுக்கு இறங்குது. நீயே கணக்கு போட்டுக்கோ."

நோன்பு தொடங்கிய வாரத்திலேயே அவள் வேகம் இறங்கத் தொடங்கியதை அவன் நேற்றுத்தான் பென்சில் எழுத்தில் பார்த்திருந்தான். கையுறைக்கு முன்பே. பட்டினி கிடந்து ஓடினால் இறங்கத்தான் செய்யும். அதைச் சொல்ல வாயெடுத்தான். சொல்ல வேண்டியவளிடம் சொல்லாமல் இவளிடம் சொல்லி என்ன பயன்?

"உன்மேல கோவம் இல்ல அவளுக்கு," என்றாள் ஸினாஷ். "பயம். ஒரு வீட்டுல ரெண்டு பேருக்கு இருக்குற பலம் ஒருத்தனுக்கே போகுதுன்னு பயம். நாப்பது நாள்னு ஒரு கணக்கு வெச்சா. நாப்பது நாள் முன்னால யார் காலும் வேணாம், பின்னால யார் காலும் வேணாம். துணி தனி, தண்ணி தனி. நாப்பது முடிஞ்சதும் திரும்ப வரிசைக்கு வந்துடுவேன்னா."

அவள் துணியைத் தனிக் கயிற்றில் காயப்போட்டதும், பாட்டிலைத் தனியாக ஒளித்து வைத்ததும் அவன் கண்முன் வந்தன. வேறொருவன் வீட்டுக்குப் போகப் பிரித்து வைக்கிறாள் என்று அன்று நினைத்தான்.

"அப்ப ஆம்பள யாரும் இல்லங்குற."

ஸினாஷ் கெட்டிலை அடுப்பில் வைத்தாள். அவளுக்குச் சலித்துவிட்டது தெரிந்தது.

"இருந்தான் தம்பி. ஒருத்தன் இருந்தான். காட்டுல அவ பின்னாலயே வந்தான். மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சு ஒளிஞ்சு. அவ நின்னா நிப்பானாம். யாருடின்னு கேட்டேன். இருட்டுல தெரியலக்கான்னா. நாலு நாள் வந்தான்னா."

அஸ்னாகெயின் காது சூடாயிற்று.

"எத்தனை நாள்?"

"நாலு."

"நல்லாத் தெரியுமா? மூணு இல்லையே?"

"நாலுன்னுதான் சொன்னா. ஏன்?"

அவன் எழுந்தான். தேநீருக்குக் காத்திருக்கவில்லை. மலையிலிருந்து இறங்கும்போது அவன் மனதில் நோன்பும் இல்லை, கையுறையும் இல்லை. மூன்று நாள் அவன் போனான். நாலாவது நாள் போனவன் எவன்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவனுக்கோ, பேய் ஒன்று கிடைத்துவிட்டதில் ஒரு ஆறுதல். சனிக்கிழமை முழுக்கப் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு நாள் வராதவர்கள் ஐந்து பேர். ஐந்து பேரையும் வட்டமிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை சென்தாஃபாவில் மழை தூறிக்கொண்டிருந்தது. பத்தொன்பது பேர் ஓடினார்கள். கோச் ஒவ்வொருவர் காதிலும் ஏதோ சொன்னார். அஸ்னாகெயிடம் மட்டும், "கடைசி அஞ்சு வரைக்கும் வரிசைய விடாத, மகனே," என்றார். மகனே என்று அவர் சொன்னது அதுவே முதல் தடவை.

தாகெலெ கைகுலுக்க வந்தான். "என் காலப் பாக்கணும்னா முன்னால வரேன். கட்டணம் கிடையாது."

அஸ்னாகெக்கு யாரும் பின்னால் வருவது பிடிக்கவில்லை. பத்து கிலோமீட்டர் வரை வரிசையின் கடைசியிலேயே ஓடினான். அங்கிருந்து பிடரிகளைப் பார்க்கலாம். வட்டமிட்ட ஐந்து பிடரிகள். ஆனால் கடைசியில் ஓடினால் மூன்றாவதாக வர முடியாது. பதினெட்டில் கூட்டம் உடைந்தது. அவனோடு சேர்த்து ஏழு பேர் முன்னால் கழன்றார்கள். இருபதில் இரண்டு பேர் பறந்துபோனார்கள். மிச்சம் ஐந்து பேர், அவர்களில் முன்னால் போகும் முறை அஸ்னாகெக்கு வந்தது. போனான். காற்று எதிர்க் காற்று. மழை கண்ணில் குத்தியது.

பின்னால் கால்கள்.

முன்பு அது பலம் தந்த சத்தம். பத்துப் பேர் தள்ளிக்கொண்டு வருவதுபோல இருக்கும். இப்போது ஒவ்வொரு அடியும் அவன் முதுகுத்தண்டில் பட்டது. நனைந்த தாரில் சப் சப் என்று வந்தது. நெருங்குகிறது. நிற்கவில்லை. யார்? தாகெலெயா? வட்டமிட்ட ஐந்தில் ஒருவனா? வேகத்தைக் கூட்டினான். சத்தமும் கூடியது. குறைத்தான். அதுவும் குறைந்தது. அவன் எண்ணினான். ஒவ்வொருவர் காலுக்கும் ஒரு ஓசை உண்டு, ஓடுகிறவனுக்கு அது தெரியும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்து. இன்னும் ஒருமுறை எண்ணினான். ஐந்து.

திரும்பிப் பார்த்தான். நாலு பேர்தான்.

"என்னடா?" என்று தாகெலெ மூச்சு வாங்கினான். "முன்னால பாரு!"

முன்னால் பார்த்தான். பின்னால் மறுபடி ஐந்து பேர் வந்தார்கள்.

நாலாவது நாள் காட்டுக்குள் யாரும் வரவில்லை. அது அவனுக்கு அந்த இடத்தில், இருபத்துமூன்றாவது கிலோமீட்டரில், மழையில், சந்தேகமில்லாமல் தெரிந்தது. அன்று அவளுக்குப் பின்னால் ஒருவனும் இல்லை. அவள் கேட்டாள், அவ்வளவுதான். மூன்று நாள் கேட்ட காது நாலாவது நாளும் கேட்டது.

இருபத்துநாலில் ஒரு மேசை போட்டு, கிளப்பில் காயம்பட்டு உட்கார்ந்திருப்பவர்கள் தண்ணீர் கொடுத்தார்கள். ஸினாஷ் நொண்டிக்கொண்டே சாலைக்குள் வந்து பாட்டிலை நீட்டினாள். "மூணாவதா இருக்க! மூணாவதா இருக்கடா! பிடி!"

அவன் பாட்டிலைப் பிடித்தான். நின்றான்.

நாலு பேரும் விலகி அவனைக் கடந்து ஓடினார்கள். தாகெலெ திரும்பிப் பார்த்து ஏதோ கத்தினான், காற்றில் கேட்கவில்லை. அஸ்னாகெ மேசையோரம் போய் மண்ணில் உட்கார்ந்தான்.

"என்னாச்சு? பிடிச்சுக்கிச்சா? தொடையா? எழுந்திருடா, இன்னும் பதினொண்ணுதான்!"

"அக்கா, காட்டுல பின்னால போனது நான்தான்."

ஸினாஷ் கையிலிருந்த அடுத்த பாட்டிலைக் கீழே வைத்தாள். அடுத்த கூட்டம் வந்தது. வேறு யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

"மூணு நாள். நாலு இல்ல. மூணு."

"எதுக்குடா?"

"ஆம்பள ஒருத்தன் இருக்கான்னு."

அவள் திட்டுவாள் என்று அவன் காத்திருந்தான். அவள் தன் வெள்ளைப் போர்வையை எடுத்து அவன் தோளில் போட்டாள். தள்ளி நின்று அவனைப் பார்த்தாள். நேற்றுவரை அவன் எல்லாரையும் பார்த்த பார்வை அது.

"ஒண்ணு மட்டும் எனக்கு விளங்கல," என்றாள் கடைசியில். "தார் ரோடுன்னா அவளுக்கு ஆகாது. முட்டி போயிடும்னு சொல்லுவா. முப்பத்திரண்டு நாள் காட்டுலதான் ஓடுனா. அன்னிக்கு மட்டும் ஏன் அங்க போனா? போலீஸ்கிட்ட தூங்கிட்டிருந்தேன்னு சொன்னியாம். கோச்கிட்டயும் அதான் சொன்ன. நிஜமாவே தூங்கினியா?"

"தூங்கல."

அன்று அவன் படுக்கையில் கண்ணை மூடிக் கிடந்தான். நாலு மணி இருக்கும். அவள் விளக்கைப் போடாமல் வாசலில் உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டினாள். அவள் போனதும் எழுந்து பின்னால் போக, போர்வைக்குள் அவன் உடுத்தித் தயாராக இருந்தான். மூச்சைச் சீராக விட்டுக்கொண்டிருந்தான், தூங்குகிறவன்போல. அவள் எழுந்தாள். கதவைத் திறந்தாள். திறந்தவள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

"ஏதாவது சொன்னாளா?" என்றாள் ஸினாஷ்.

"சொன்னா."

"என்ன சொன்னா?"

"இன்னிக்கு வராத, அஸ்னாகெ. தார் ரோட்டுல போறேன். அங்க ஒளிய மரம் இல்ல."